தையல் மேசையில் ஒரு வேதாகமப் பெட்டி: எட்டு மாத அனுபவம்

அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து) அன்று ஆலயத்துக்கு வெளியே போட்டிருந்த ஸ்டாலில் 1,350 ரூபாய் கொடுத்து இந்த ஆடியோ வேதாகமப் பெட்டியை வாங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. நடுவில் பழுதாகிக் கிடந்த ஒரு வாரத்தைத் தவிர, தையல் போடும் நாளெல்லாம் இது ஓடியிருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா என்று எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகச் சொல்வதைவிட முழுவதையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெட்டி என்றால் பெரிய சாமான் இல்லை. ஒரு துணி சோப்பு அளவு, உள்ளங்கையில் அடங்கும். முன்பக்கம் ஸ்பீக்கர், அதற்கு மேலே நாலு இலக்கம் காட்டும் சின்னத் திரை, சிவப்பு எழுத்து. கீழே 0 முதல் 9 வரை எண் பொத்தான்கள். பக்கவாட்டில் மெமரி கார்டு போடும் இடமும் சார்ஜர் குத்தும் இடமும். பின்னால் பழைய நோக்கியா போன்களில் வருமே, அந்த பி.எல்.5சி பேட்டரி. இதே பெட்டியைப் பல பெயரில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றுதான், மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் வேறு. அதனால் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், கார்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில், இதை எதற்கு வாங்கினேன் என்பதைச் சொல்லாமல் இது நல்லது, கெட்டது என்று சொன்னால் பாதிதான் புரியும்.

நான் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் பக்கம் வீட்டிலேயே தையல் போடுகிறேன். பிளவுஸ், பாவாடை, பள்ளிக்கூடம் திறக்கும்போது சீருடை, கிறிஸ்துமஸ் நெருங்கினால் பாடகர் குழு அங்கி. வயது 54. காலையில் 9 மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் ஒரு மணி வரைக்கும், சாப்பிட்டுவிட்டு மறுபடி இருட்டும் வரைக்கும். கைக்கும் கண்ணுக்கும் வேலை உண்டு, காது சும்மா இருக்கும். மகள் வேலைக்குப் போய் முதல் சம்பளத்தில் ஸ்மார்ட்போன் வாங்கித் தந்தாள். அதை நூல் டப்பாவில் சாய்த்து வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன்.

சினிமா பார்க்கவில்லை. அதை நன்றாகச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதிலிருந்தே ஞாயிறு பள்ளியில் சினிமா கூடாது, சினிமாப் பாட்டு கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் நான். டிவி சீரியலையும் மாமியார் இறந்ததோடு விட்டாச்சு. நான் பார்த்ததெல்லாம் சிலுவைப் படம் போட்ட வீடியோக்கள். ஒரு ஜெப வீடியோ பார்த்தேன், அது முடிந்ததும் இன்னொன்று தானாக வந்தது. அதில் ஒருவர், "இந்த மூன்று நாளுக்குள் உன் வீட்டில் ஒரு காரியம் நடக்கும்" என்றார். அதற்கடுத்ததில், "இதைத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள் ஆசீர்வாதத்தைத் தள்ளுகிறார்கள்" என்றார்கள். அப்புறம் பில்லிசூனியத்திலிருந்து விடுதலையான சாட்சிகள், பரம்பரைச் சாபம், கடைசிக்காலம், கையில் போடப்போகிற முத்திரை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே மாதிரி வயலின். நான் ஒன்றையும் தேடிப் போகவில்லை. எதில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேனோ அதே ஜாதியில் அடுத்தது வந்தது. பயந்தவள்தான் நகராமல் பார்ப்பாள். நான் பயப்படப் பயப்பட இன்னும் பயமுறுத்துகிறதாக வந்தது. எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்று கணக்கு வைத்து, அதற்கு ஏற்றபடி அடுத்ததைத் தருவதுதான் இந்த ஆப்களின் வேலை என்று மகள் பிறகு விளக்கிச் சொன்னாள். அது எனக்கு அப்போது தெரியாது. ஆண்டவர்தான் எனக்காக அனுப்புகிறார் என்று நினைத்தேன். "இது தற்செயலாக உன் கண்ணில் படவில்லை" என்று அவர்களே சொன்னார்கள்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. அதன் பலன் என்ன என்று ஒரு தூக்குச்சட்டி முறுக்கில் தெரிந்தது.

எங்கள் மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு நாள் முறுக்கு சுட்டுத் தூக்குச்சட்டி நிறையக் கொடுத்துவிட்டாள். இன்னும் சூடு ஆறவில்லை, மூடியின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாக நின்றது. அதற்கு முந்தின நாள்தான், உறவுக்காரர்கள் கொடுக்கும் தின்பண்டத்தில் சாபம் ஏற்றி அனுப்புவார்கள் என்று ஒரு அம்மா சாட்சி சொன்னதைக் கேட்டிருந்தேன். நான் அந்த முறுக்கைத் தின்னவில்லை. பின்வாசலில் குழி தோண்டிப் புதைத்தேன். புதைத்த இடத்தில் நின்று ஜெபமும் பண்ணினேன். சட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது, "நல்லா இருந்துச்சா?" என்று மைனி கேட்டாள். "நல்லா இருந்துச்சு மைனி" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது 12 ராத்திரி என்னோடு தரையில் படுத்திருந்தவள் அவள். அது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவே இல்லை. இரண்டு வருடமாகக் காதில் விழுந்தது, 31 வருடமாகக் கண்ணால் கண்டதை மறைத்துவிட்டது.

மகள் லீவில் வந்தபோது கவனித்திருக்கிறாள். "யம்மா, நீ முன்னெல்லாம் ஜெபம் பண்ணா எங்களுக்குத் தூக்கம் வரும், அவ்வளவு அமைதியா இருக்கும். இப்ப நீ ஜெபம் பண்ணா பயமா இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அன்று ராத்திரி நானே என் ஜெபத்தைக் கேட்டுப் பார்த்தேன். கட்டு உடையட்டும், சாபம் முறியட்டும், சத்துரு ஓடட்டும். ஒரு ஆளின் பெயர்கூட இல்லை. ஸ்தோத்திரம் என்ற வார்த்தை கடைசியில்தான் வந்தது.

புதன்கிழமை ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஐயரிடம், அதாவது எங்கள் சபைப் போதகரிடம், போய்ச் சொன்னேன். முறுக்கு விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். "அந்த வீடியோவுல பேசுனவங்களுக்கு உங்க மைனியைத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். "தெரியாது ஐயா." "உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?" "31 வருஷமா." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. 2 தீமோத்தேயு 1:7 வாசிக்கச் சொன்னார். தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல், பலமும் அன்பும் தெளிந்த புத்தியுமுள்ள ஆவியையே கொடுத்திருக்கிறார். சின்ன வயதில் மனப்பாட வசனமாகச் சொல்லிப் பரிசு வாங்கின வசனம். அதில் "தெளிந்த புத்தி" என்று ஒன்று இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மகள் முதலில் போனிலேயே வேதாகம ஆப் போட்டுத் தந்தாள். யூவெர்ஷன் என்று பெயர். 2008 முதல் இருக்கிறது, இலவசம், தமிழும் இருக்கிறது. நல்ல ஆப். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அது இருக்கிற இடம் போன். ஆதியாகமம் 3 ஓடும்போதே மேலே மணி அடித்து ஒரு வீடியோ எட்டிப் பார்க்கும். ஊசியில் நூல் கோக்க நிறுத்துகிற நேரத்தில் விரல் அங்கே போய்விடும். எனக்கு வேண்டியது வேதம் மட்டுமே இருக்கிற, வேறு எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாத ஒரு சாமான். அதனால்தான் இந்தப் பெட்டி.

இனி பெட்டியைப் பற்றி.

வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரம். பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. பெட்டிக்குள் அதிகாரத்துக்கு ஒரு நம்பர். திரையில் புத்தகத்தின் பெயர் வராது, நம்பர் மட்டும்தான் வரும். இதுதான் இதன் பெரிய குறை என்று முதல் வாரத்தில் நினைத்தேன். எரேமியா 29 வேண்டுமென்றால் என்ன நம்பர் அழுத்துவது? கூட வந்த துண்டுச்சீட்டில் எழுத்து கண்ணுக்கே தெரியவில்லை. அதனால் நானே உட்கார்ந்து கூட்டினேன். ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40, ஆகையால் லேவியராகமம் 91இல் ஆரம்பம். இப்படிக் கூட்டிக்கொண்டே போய், பிளவுஸ் துணியோடு வரும் அட்டையின் பின்பக்கத்தில் பெரிசாக எழுதி மிஷினுக்கு மேலே ஆணியில் மாட்டினேன். சங்கீதம் 1 என்றால் 479. சங்கீதம் 23 என்றால் 501. சங்கீதம் 119, அந்த 176 வசனச் சங்கீதம், 597. மத்தேயு 930இல் ஆரம்பம், யோவான் 998இல், ரோமர் 1047இல். எரேமியா 29 என்றால் 774. வாங்குகிறவர்கள் இந்த நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், கார்டில் அதிகாரங்கள் வரிசையாக இருந்தால் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும். இப்போது அட்டை பார்க்காமலே பாதி எனக்கு வரும். வேதாகமத்தில் எந்தப் புத்தகத்துக்குப் பக்கத்தில் எந்தப் புத்தகம் என்பது இத்தனை வருடத்தில் இப்படி மனதில் பதிந்ததில்லை.

நம்பர் அழுத்தாமல் விட்டால் அது வரிசையாகப் போகும். 78 முடிந்தால் 79. எனக்குப் பிடித்தது எது, எதில் நான் நின்றேன் என்று அது பார்ப்பதில்லை. எனக்கு இது பெரிய விடுதலையாக இருந்தது. போனில் இரண்டு வருடமாக நான் கேட்ட வசனங்களை எண்ணினால் ஒரு நாற்பது, ஐம்பது இருக்கும். எதிரி, சாபம், இரட்டிப்பான பங்கு, கடைசிக்காலம் என்று அதே வசனங்களைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். வேதத்தில் அவை இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அவற்றுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எனக்கு மறந்தே போயிருந்தது.

யாத்திராகமம் 28 ஓடினபோது, அதாவது 78ஆம் நம்பர், நான் ஒரு பட்டு பிளவுஸுக்குக் கழுத்துப் பைப்பிங் வைத்துக்கொண்டிருந்தேன். ஆசாரியனான ஆரோனுடைய அங்கிக்கு அளவு சொல்லிக்கொண்டு வருகிற இடம். தலை நுழைகிற துவாரம் நடுவில் இருக்கவேண்டும், அது கிழியாதபடிக்கு அதைச் சுற்றிலும் நெய்த நாடா வைக்கவேண்டும் என்று வந்தது. கையை எடுத்துவிட்டேன். மிஷின் நின்றது. இதைத்தானே நான் செய்துகொண்டிருக்கிறேன்! கழுத்தை வெட்டினால் துணி இழுபடும், இழுபட்டால் கிழியும், அதனால் மூலைவாட்டில் நாடா வெட்டி ஓரம் சுற்றித் தைக்கிறோம். முப்பது வருடமாக நான் செய்கிற வேலையை, கழுத்து கிழியக்கூடாதே என்கிற அந்த அக்கறையை, தேவன் மோசேயிடம் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். அந்த அதிகாரத்தை நான் நாற்பது தடவையாவது வாசித்திருப்பேன். கையில் துணியோடு கேட்டது அதுதான் முதல் தடவை. மறுபடி 78ஐ அழுத்தினேன். அங்கியின் கீழோரத்தில் ஒரு பொன்மணி, ஒரு மாதளம்பழம், ஒரு பொன்மணி, ஒரு மாதளம்பழம். அன்று முழுவதும் அந்த வரிசையே மனதில் ஓடியது. ராத்திரி படுக்கும்போது பார்க்கிறேன், அன்றைக்கு நான் எதற்கும் பயப்படவே இல்லை.

இன்னொன்று எண்ணாகமம் 7, நம்பர் 124. இஸ்ரவேலின் 12 கோத்திரத் தலைவர்களும் பன்னிரண்டு நாள் காணிக்கை கொண்டுவருகிற அதிகாரம். முதல் நாள் நகசோன் 130 சேக்கல் நிறையுள்ள வெள்ளித்தாலமும், 70 சேக்கல் வெள்ளிக்கலமும், 10 சேக்கல் பொன் தூபகரண்டியும் கொண்டுவருகிறான். இரண்டாம் நாள் இன்னொருவன் அதையே கொண்டுவருகிறான். மூன்றாம் நாளும் அதேதான். பன்னிரண்டு தடவையும் ஒன்று விடாமல் முழுவதையும் சொல்கிறது. 89 வசனம். புத்தகத்தில் வாசிக்கும்போது கண் தாண்டிப் போய்விடும், என் கண்ணும் தாண்டியிருக்கிறது. பெட்டி தாண்டாது. நான் அப்போது பாடகர் குழுவுக்கு ஒரே மாதிரி வெள்ளை அங்கி தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே துணி, ஒரே காலர், ஒரே தையல், ஆள் மட்டும் வேறு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிச் சீட்டுக் குத்தி வைத்திருந்தேன். ஐந்தாவது தலைவனோ ஆறாவது தலைவனோ வரும்போது அழுகை வந்துவிட்டது. கொண்டுவந்தது ஒன்றேதான், ஆனாலும் "மற்றவர்களும் அப்படியே" என்று எழுதிவிடவில்லை. ஒவ்வொருவன் பெயரும், அவன் தகப்பன் பெயரும், அவன் கொண்டுவந்த கரண்டியின் நிறையும் தனித்தனியாக இருக்கிறது. ஆண்டவர் ஆளை எண்ணுகிற விதம் அது. எந்த ஆப் இந்த அதிகாரத்தை எனக்குத் தந்திருக்கும்? இதில் திகில் இல்லை, திருப்பம் இல்லை, வயலின் வைக்க இடமில்லை. அன்று சாயங்காலம் பலநாள் கழித்து என் ஜெபத்தில் ஆட்களின் பெயர் வந்தது.

இப்போது குறைகள். இருக்கின்றன, மறைக்கமாட்டேன்.

பழைய ஏற்பாடு ஒரே ஒருவரின் குரல், நிதானமான வாசிப்பு, இசை கிடையாது. நன்றாக இருக்கிறது. புதிய ஏற்பாடு பல பேர் நடித்துப் பேசுகிற பதிவு, பின்னால் இசை, இடிச் சத்தம், கூட்டத்தின் கூச்சல். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும், என் தங்கை பேரன் மாற்கு முழுவதையும் உட்கார்ந்து கேட்டான். எனக்குத் தொந்தரவாக இருந்தது. வசனம் வருவதற்கு முன்னாலேயே இசை வந்து இங்கே அழு, இங்கே பயப்படு என்று சொல்லிவிடுகிறது. அந்த வீடியோக்களில் அப்படித்தானே என்னைப் பயப்பட வைத்தார்கள். இரண்டு விதப் பதிவும் கடைகளில் கிடைக்கிறது. கேட்டு, உங்களுக்கு ஏற்றதை வாங்குங்கள்.

பெரிய குறை இது: கார்டில் வேதாகமத்தோடு கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் இருக்கும் என்றுதான் சொல்லி விற்றார்கள். 1,189 முடிந்து நம்பர் மேலே போகப் போகப் பாட்டு வந்தது, சரி. அதற்கப்புறம் யாருடையது என்றே தெரியாத நாற்பது சொச்சம் பிரசங்கச் செய்திகள். ஒன்றைக் கேட்டேன். நான் எதை விட்டு ஓடி வந்தேனோ அதே சாபப் பேச்சு. வேதாகமம் என்று எழுதின பெட்டிக்குள்ளேயே! வேதத்துக்கு அடுத்த நம்பரில் வைத்துவிட்டால் கேட்கிறவர்கள் அதையும் வேதத்தைப் போலவே எடுத்துக்கொள்வார்கள். அண்ணன் மகனிடம் கொடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு அந்த ஃபோல்டரை அழித்தேன். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், கார்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ஸ்டாலிலேயே கடைசி நம்பர்களை ஓடவிட்டுக் கேளுங்கள்.

மூன்றாவது வாரம் சார்ஜர் குத்துகிற இடம் ஆட ஆரம்பித்து, பிறகு சார்ஜே ஏறவில்லை. பில் தரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போன் நம்பர் வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தேன். மூன்று தடவை கூப்பிட்ட பிறகு வேறு பெட்டி அனுப்பினார்கள். பேட்டரி புதிதில் ஏழு மணி நேரம் நின்றது, இப்போது ஐந்து. பேட்டரி எந்த மொபைல் கடையிலும் கிடைக்கும் ரகம் என்பது ஆறுதல். ஓவர்லாக் மிஷின் ஓடும்போது சத்தம் போதவில்லை, கூட்டி வைத்தால் குரல் கரகரக்கிறது. எஃப்எம் பொத்தான் நிறுத்துகிற பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கை தவறினால் விளம்பரம் அலறுகிறது. 5க்கு மூன்றரை தருவேன். அந்த நாற்பது செய்தி இல்லாமல் இருந்தால் நாலு.

கேட்பது வாசிப்புக்கு ஈடாகுமா என்று ஒரு அக்கா கேட்டார்கள். ஆகாது. பிளவுஸுக்குக் கை தைக்கிறது மாதிரி கஷ்டமான வேலை வந்தால் இரண்டு அதிகாரம் ஓடிப்போனதே தெரியாது, மறுபடி போடவேண்டும். காலையில் புத்தகத்தைத் திறந்து வாசிப்பதை நான் விடவில்லை. ஆனால் கேட்பதும் நமக்குப் புதிதில்லை. எங்கள் ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. லேஸ் பின்னுவாள். இடையன்குடியில் கால்டுவெல் ஐயருடைய மனைவி எலைசா அம்மா பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை, அங்கிருந்து எங்கள் பக்கத்துப் பெண்களுக்கும் வந்தது. திண்டின்மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவாள். கட்டைகள் மோதுகிற சத்தத்தோடு சேர்த்துச் சங்கீதம் சொல்வாள். பிறர் வாசிக்கக் கேட்டே இருபது, முப்பது சங்கீதம் அவளுக்குப் பாடம். எங்கள் அப்பா ராத்திரி ரேடியோவைத் திருகுவார். சீஷெல்ஸ் தீவிலிருந்து ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி சிற்றலையில் வந்து வந்து போகும், இலங்கைப் புத்தளத்திலிருந்து மத்திய அலையில் இன்னொன்று தெளிவாகக் கேட்கும். அரை மணி நேரம். முடிந்தது என்றால் முடிந்ததுதான், அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டதைப் பற்றி அம்மாவிடம் பேசுவார். அந்தப் பேச்சுக்கு இடமிருந்தது. போனில் அடுத்தது வந்து அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. இப்போது நான் பத்து, பன்னிரண்டு அதிகாரம் ஆனதும் பெட்டியை நிறுத்திவிடுகிறேன். மீதி நேரம் மிஷின் சத்தம் மட்டும்தான். கேட்டது உள்ளே இறங்க அந்த நேரம் வேண்டியிருக்கிறது. அப்படியும் முதல் சுற்று நாலரை மாதத்தில் முடிந்துவிட்டது.

பிலிப்பியர் 4, நம்பர் 1107. எதைச் சிந்திக்கவேண்டும் என்று பவுல் அங்கே ஒரு வரிசை சொல்கிறார். சிறையிலிருந்து எழுதுகிறார். அந்த வரிசையில் முதலாவது "உண்மையுள்ளவைகளெவைகளோ". ஒழுக்கமுள்ளவை, கற்புள்ளவை எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்களுக்குச் சொல்லித் தந்தவர்கள் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தார்கள் என்று நினைக்கிறேன். அசிங்கமானதைப் பார்க்காதே என்றார்கள், அதைக் கேட்டு நடந்தேன். பொய்யானதைக் கேட்காதே, அதைச் சொல்கிறவர் வேதத்தைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாலும் சரி, என்று யாரும் சொல்லவில்லை. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து போட்டிருந்தோம். பக்தியாக இருக்கிறதே என்று நாம் சோதித்துப் பார்ப்பதில்லை. நான் பார்க்கவில்லை. இதை நம் ஐக்கிய சங்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பேசவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் போலப் பகல் முழுவதும் கைவேலை செய்கிற பெண்கள் பலர் காதில் இதுதான் ஓடுகிறது.

வாடிக்கையாளர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் இல்லை. யாராவது வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஒரு நாள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், கோவிலுக்குப் போகிற வழியில் பிளவுஸ் வாங்க வந்தவர், யோசேப்பைக் குழியில் போடுகிற இடத்தில் வந்து நின்றார். "அணைக்காதீங்க, அந்தப் பையன் என்ன ஆனான்?" என்றார். கதை பெரிசு, 14 அதிகாரம் போகும் என்றேன். மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் யோசேப்பு அண்ணன்மாரிடம் தான் யார் என்று சொல்லி அழுதபோது அவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

மைனியிடம் நான் உண்மையைச் சொல்லப் பல மாதம் ஆனது. போய் உட்கார்ந்து, முறுக்கைப் புதைத்ததைச் சொன்னேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. "தின்னுட்டேன்னு சொன்னியே ஏட்டி" என்று மட்டும் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னித்துக்கொள் மைனி என்றேன். அன்றைக்குக் காப்பி போட்டுத் தந்தாள், குடித்தேன். அதற்கப்புறம் மூன்று வாரம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

போன சனிக்கிழமை வந்தாள். சீருடை நெருக்கடி, ஊக்கு தைக்க ஆள் இல்லை. கேட்காமலே ஊசியை எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாள். பெட்டியில் நியாயாதிபதிகள் முடிகிற நேரம். அது முடிந்து ரூத் வந்தது. நகோமி மருமக்களைத் திரும்பிப் போகச் சொல்கிற இடத்தில் மைனி ஊசியை நிறுத்திக் கேட்டாள். அதிகாரம் முடிந்ததும் நான் பெட்டியை அணைத்தேன்.

"எனக்கும் இது ஒன்னு வாங்கித் தா. கண்ணு சரியாத் தெரிய மாட்டேங்குது, வாசிக்க முடியலை" என்றாள். அந்தச் செய்திகளை அழித்துவிட்டுத் தருகிறேன் என்றேன். நம்பர் எப்படித் தெரியும் என்று கேட்டாள். பிளவுஸ் அட்டை ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பினேன். அவளுக்குத் தெரியவேண்டுமே என்று தடித்த ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன்.

"இப்ப வந்துச்சே, ரூத்து, அது எத்தனை?"

"233, மைனி."

அதையே அட்டையின் முதல் வரியில் எழுதினேன்.